‘ஸே’ எங்கே, ‘டெல்’ எங்கே?

பிள்ளைகளின் ஆங்கில வீட்டுப்பாடத்தில் உட்காரும்போது பெற்றோரையும் சேர்த்துக் குழப்புகிற ஜோடி இது. தமிழில் இரண்டுக்கும் ‘சொல்’ என்ற ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை.

1. யாரிடம் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல ‘டெல்’. கேட்டவர் உடனே பின்னால் வர வேண்டும்: ‘ஹீ டோல்ட் மீ’. நடுவில் ‘டு’ கூடாது. ‘ஹீ டோல்ட் டு மீ’ என்று நம்மவர்கள் நிறையப் பேர் சொல்வதற்குக் காரணம், ‘என்னிடம்’ என்பதில் உள்ள ‘இடம்’ என்ற உருபுக்கு ஆங்கிலத்திலும் ஒரு சொல்லைத் தேடுவதுதான். வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஒன்றைத் திருத்திவிடுங்கள். பேச்சு உடனே சீராகும்.

2. என்ன சொன்னார் என்பது மட்டும் போதுமென்றால் ‘ஸே’: ‘ஷி ஸெட் ஷி வாஸ் டயர்ட்’. கேட்டவரையும் சேர்த்தால் இங்கேதான் ‘டு’ வரும்: ‘ஸெட் டு மீ’.

3. ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் அப்படியே தரும்போது பெரும்பாலும் ‘ஸெட்’தான். கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிள்ளையோடு புரட்டினால் தெரிந்துவிடும்.

4. ஏவுவதற்கு ‘டெல்’. ‘அம்மா என்னைக் காத்திருக்கச் சொன்னாள்’ என்பது ‘மதர் டோல்ட் மீ டு வெயிட்’.

5. உண்மை, பொய், கதை, ஜோக் ஆகியவை எப்போதும் ‘டெல்’ பக்கம். கேட்டவரைக் குறிப்பிடாமலே ‘டெல் எ லை’ எனலாம்; ‘ஸே எ லை’ என்பது வழக்கில் இல்லை. ஸாரி, ஹலோ, பிரார்த்தனை எல்லாம் ‘ஸே’ பக்கம். இதற்கு விதி தேட வேண்டாம். வாயில் பழக்குவதே வழி.

6. கடிகாரம், அறிவிப்புப் பலகை, கடிதம் இவை ‘சொல்வதற்கும்’ ‘ஸே’: ‘தி போர்டு ஸெஸ் நோ பார்க்கிங்’.

7. இரட்டைப் பிள்ளைகளில் யார் யாரென்று பிரித்தறிவதும் ‘டெல்’தான். அந்தச் சொல்லுக்கு ‘எண்ணுதல்’ என்ற பழைய பொருளும் உண்டு. வங்கியில் பணம் எண்ணித் தருபவர் ‘டெல்லர்’ ஆனது அதனால்தான். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்கு எண்ணும் உறுப்பினர்களுக்கும் இன்றுவரை அதே பெயர்.

8. ‘ஸெய்ஸ்’, ‘ஸெய்ட்’ என்று எழுத்துக்கூட்டி இழுக்க வேண்டாம். ‘ஸெஸ்’, ‘ஸெட்’ என்று குறுக்கி ஒலிக்கப் பழக்குங்கள்.