இரண்டு மேல்படிப்பு: எதைத் தேர்வது?

சகோதர வியாபாரிகளே! சாலாக் செலாத்தானில் நம் கடைக்கு வரும் அன்பர் ஒருவரின் மகள் பிஸியோதெரபி பட்டதாரி. மேல்படிப்புக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன: கோலாலம்பூரில் ஆராய்ச்சிப் படிப்பு ஒன்று, சென்னை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கல்லூரியில் 2 ஆண்டு எம்.பி.டி. மற்றொன்று. "எது மலிவு, அண்ணே?" என்றார் தகப்பனார்.

விலையை மட்டும் கேட்டு நாம் சரக்கெடுப்பதுண்டா? ஆராய்ச்சிப் படிப்பு ஒரு பொருளை ஆய்ந்து ஆய்வேடு எழுதப் பழக்குவது. ஆசிரியப் பணிக்கும் ஆய்வுக்கும் உதவும். எம்.பி.டி.யிலும் ஆய்வேடு உண்டு. ஆனால் எலும்பு மூட்டு, நரம்பு முதலிய பிரிவுகளில் ஒன்றை எடுத்து, நோயாளிகளிடம் கைப்பழக்கம் பெறுவதே அதில் பிரதானம்.

மலேசியாவில் இத்தொழில் செய்ய, 2020 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள 774ஆம் சட்டப்படி, மன்றத்தில் பதிவும் தொழில் அனுமதிப் பத்திரமும் அவசியம். மேல்பட்டம் அவற்றுக்கு ஈடாகாது. ஆகவே முதற்பட்டத்தைக் கொண்டு பதிவை முடித்துக் கொள்க. வெளிநாட்டுப் பட்டம் இங்கு ஏற்கப்படுமா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்து மூலம் கேட்டறிக.

பிறகு மகளையே அழைத்துக் கேட்டோம். "பக்கவாதத்தில் படுத்த பாட்டியைப் போன்றவர்களை நடக்க வைக்க வேண்டும்" என்றாள். தகப்பனார் கணக்குத் தாளை மடித்துப் பையில் வைத்தார். பிள்ளையின் நோக்கத்தை முதலில் கேட்போம். செலவுக் கணக்கைப் பிறகு போடுவோம்.