உணவும் மார்பகப் புற்றுநோயும்

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பெரியம்மா என்னைத் தனியே அழைத்து, மார்பில் ஒரு சிறு கட்டி இருப்பதாகச் சொன்னாள். "வலியே இல்லையடி. பக்கத்து வீட்டார் சொன்ன வைட்டமின் மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறேன். நீதான் விஞ்ஞானம் படிக்கிறவளாயிற்றே, அது போதுமா?" என்று கேட்டாள். அக்கேள்வியின் விளைவே இக்கட்டுரை.

நாம் சுவாசிக்கும் பிராணவாயு உணவை எரித்துச் சக்தி தருகையில், இணையில்லாத எலெக்ட்ரான் கொண்ட சில துணுக்குகளும் உடலில் உண்டாகின்றன. அவை அண்டை மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கின்றன. உயிரணுவின் டி.என்.ஏ. இவ்வாறு பழுதுபட்டால் அது புற்றுநோய்க்கு வித்தாகக்கூடும். தம் எலெக்ட்ரானை ஈந்து இப்பறிப்பை நிறுத்துபவையே ஆன்டிஆக்ஸிடன்டுகள். நெல்லிக்காயில் வைட்டமின் சி, முருங்கைக்கீரையிலும் காரட்டிலும் பீட்டா கரோட்டீன், நிலக்கடலையில் வைட்டமின் ஈ உண்டு.

அப்படியானால் அவற்றை மாத்திரையாக விழுங்கினால் என்ன? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டீன் மாத்திரை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; 18 சதவீதம் மிகுந்தது! அமெரிக்காவில் 39,876 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வைட்டமின் ஈ கொடுத்துப் பத்தாண்டுகள் கவனித்தனர். 2005-இல் வந்த முடிவின்படி, மார்பகப் புற்றுநோய் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

ஆயினும், 2012-இல் எட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, இரத்தத்தில் கரோட்டினாய்டுகள் மிகுந்த பெண்களிடம் இந்நோய் குறைந்திருக்கக் கண்டனர். அதற்குக் கரோட்டினாய்டுகளே காரணம் என்று துணிய இயலாது; காய்கறி மிகுதியாக உண்பவர் பிற பழக்கங்களிலும் வேறுபடலாம். மாதவிடாய் நின்றபின் உடற்பருமன் கூடாதிருத்தல், உடலுழைப்பு, மதுவை விலக்கல், குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டல் ஆகியவை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்பதற்கு இதனினும் வலுவான சான்றுகள் உள்ளன.

ஆகவே, அன்பர்களே, கீரையும் கனியும் உண்போம். மாத்திரையைக் கவசமென்று நம்பவேண்டாம். நோய் வராமல் காப்பது வேறு, வந்த கட்டியைச் சோதிப்பது வேறு. வலியில்லாத கட்டி தீங்கற்றது என்பது பெருந்தவறு.

பெரியம்மாவை மறுநாளே டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். புற்றுதான், ஆனால் பரவுமுன் கண்டுகொண்டார்கள். அறுவை சிகிச்சை முடிந்து நலமாயிருக்கிறாள். "ஹாஸ்டலில் கீரை போடுகிறார்களா?" என்று தொலைபேசியில் விசாரிக்கிறாள்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள், கூச்சத்தை ஒதுக்கி, வீட்டுப் பெண்களிடம் இதைப் பேசவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.