மருத்துவக் காப்பீடு: பிரீமியத்துக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

மருத்துவக் காப்பீடு எடுக்க முற்படுவோர் பெரும்பாலும் முதலில் கேட்பவை இரண்டு: ஆண்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? எத்தனை இலட்சத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கும்? இரண்டும் தேவையான கேள்விகளே. ஆயினும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தார் தம் கையிலிருந்து எவ்வளவு செலுத்த நேரும் என்பதைத் தீர்மானிப்பவை, பாலிசியின் உட்பக்கங்களில் உள்ள நிபந்தனைகளே. அவற்றுள் முக்கியமானவற்றை இங்கே காண்போம்.

அரசுத் திட்டத்தில் இடமுண்டா?

தனியார் பாலிசி வாங்கும் முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுதல் நன்று. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள், வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் காட்டி இதில் சேரலாம். வரையறுக்கப்பட்ட சிகிச்சைகளுக்குக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பிரீமியமின்றிப் பாதுகாப்பு கிடைக்கும்.

அறை வாடகை வரம்பு

மருத்துவமனையில் கட்டணம் செலுத்தும் வேளையில் குடும்பங்களைத் திகைக்க வைக்கும் நிபந்தனை இதுவே. சில பாலிசிகளில் நாள் வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. காப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காடு என்பது பலரும் அறிந்த வரம்பு. வரம்பைக் கடந்த அறையில் தங்கினால், கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மை வேறு. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படலாம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். காப்பீட்டுத் தொகை 3 இலட்சம். வாடகை வரம்பு நாளுக்கு 3,000 ரூபாய். நோயாளி 6,000 ரூபாய் அறையில் 4 நாள் தங்குகிறார். வாடகை 24,000; மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்கள் 1,00,000; மருந்தும் பரிசோதனைகளும் 60,000; ஆக மொத்தம் 1,84,000 ரூபாய். வரம்பு பாதியே என்பதால் வாடகையில் 12,000, இதரக் கட்டணங்களில் 50,000 மட்டுமே நிறுவனம் ஏற்கும். மருந்து, பரிசோதனை, உடலினுள் பொருத்தப்படும் கருவிகள் ஆகியவற்றுக்கு இந்த விகிதக் குறைப்பு பொருந்தாது; தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் அவ்வாறே. எனினும் குடும்பம் செலுத்த வேண்டியது 62,000 ரூபாய். வாடகையில் மிகுந்ததோ 12,000 மட்டுமே! ஆகவே, வாடகை வரம்பற்ற பாலிசியைத் தேடுங்கள். வரம்புள்ள பாலிசி ஏற்கெனவே இருப்பின், சேர்க்கையின்போதே அதற்குட்பட்ட அறையைக் கேளுங்கள்.

காத்திருப்புக் காலம்

பாலிசி தொடங்கிய முதல் 30 நாட்களில் விபத்து நீங்கலான சிகிச்சைகளுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனிக் காத்திருப்புக் காலம் இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு, 2024 முதல் 36 மாதங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்துள்ளது. நோய் வந்தபின் தேடுவதைவிட, நலமாக இருக்கும்போதே எடுத்து வைப்பதன் பயன் இதனால் விளங்கும்.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், முன்பு செய்த அறுவை சிகிச்சை ஆகியவற்றை விண்ணப்பத்தில் மறைக்கலாகாது. நிரப்புபவர் முகவரேயாயினும், கையொப்பமிடும் முன் நாமே படித்துப் பார்க்க வேண்டும். மறைத்த நோய் பின்னர் மருத்துவக் குறிப்பில் வெளிப்பட்டால், கோரிக்கை மறுக்கப்படலாம். பாலிசியே நீக்கப்படவும் கூடும்.

பெற்றோருக்குத் தனிப் பாலிசி

குடும்பம் முழுவதற்குமான ஃப்ளோட்டர் பாலிசியில் ஒரே தொகையை அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். ஒருவரின் நீண்ட சிகிச்சையில் அத்தொகை தீர்ந்துவிட்டால், மற்றவர்க்கு மிஞ்சுவது குறைவு. மேலும், குடும்பத்தில் மூத்தவரின் வயதை ஒட்டியே பிரீமியம் பெரும்பாலும் அமைகிறது. எனவே இளம் தம்பதியரும் குழந்தைகளும் ஒரு ஃப்ளோட்டரிலும், வயது முதிர்ந்த பெற்றோர் தனிப் பாலிசியிலும் இருப்பது பெரும்பாலும் ஏற்றதாகும். முதியோர் பாலிசிகளில் கோ-பேமெண்ட் உள்ளதா என்று பாருங்கள். அது 20 விழுக்காடாயின், ஏற்கப்பட்ட ஒவ்வொரு இலட்சத்திலும் 20,000 ரூபாய் நம்முடைய பொறுப்பு.

பாலிசி கைக்கு வந்தபின்

பாலிசி கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் படித்துப் பார்த்து, ஏற்கவில்லையெனில் திருப்பித் தரும் உரிமை உண்டு. நிறுவனத்தை மாற்ற விரும்புவோர், பழைய பாலிசி காலாவதியாகும் முன்னரே போர்ட்டபிலிட்டி முறையில் விண்ணப்பித்தால், கடந்துவிட்ட காத்திருப்புக் காலத்தை இழக்க மாட்டார்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்புவதற்கான இறுதி ஒப்புதலுக்கு 3 மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் விடையளிக்க வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டின் விதி.

முகவரிடம் கேட்க வேண்டியவை

1. அறை வாடகைக்கு வரம்பு உண்டா?
2. நம் நோய்க்குக் காத்திருப்பு எத்தனை மாதம்?
3. கோ-பேமெண்ட் எத்தனை விழுக்காடு?
4. நாம் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனை கேஷ்லெஸ் பட்டியலில் உள்ளதா?

விடைகளை வாய்மொழியாக மட்டும் ஏற்காமல், பாலிசியில் அவை எந்தப் பக்கத்தில் உள்ளன என்று காட்டச் சொல்லுங்கள். அப்பக்கத்தின் நகலை வீட்டில் மற்றொருவரும் அறிந்த இடத்தில் வையுங்கள். அவசர வேளையில் அதைத் தேடுபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.