மரச்சீனி வற்றலும் பச்சைப் பூசணமும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரைப் பரப்பியதாகப் படித்திருக்கிறோம். அவர் ஆண்ட நாட்டில் அன்று சேர்ந்திருந்த நம் குமரி மண்ணில், மரச்சீனியும் மீனும் மணக்காத வீடு உண்டோ? எங்கள் வீட்டில் மாசி மாதம் பாட்டி கிழங்கை வில்லைகளாக அரிந்து, கொதிநீரில் வாட்டி, பாயில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைப்பார்கள்.

சென்ற ஐப்பசி மழையில் ஓடு ஒழுகிச் சாக்கு நனைந்துவிட்டது. அவிழ்த்துப் பார்த்தால், வில்லைகளின்மேல் மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம்! பாட்டி அதைத் துணியால் துடைத்து மறுபடி வெயிலில் போட்டார்கள். "இரண்டு தண்ணீர் வடித்துவிட்டால் விஷமெல்லாம் போய்விடும், மக்களே" என்றார்கள். அக்காள் தங்கையராகிய எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. அறிவியல் பாடம் நடத்தும் சகோதரியிடம் கேட்டோம்.

பாட்டி சொன்னது பாதி சரி. மரச்சீனியில் இயற்கையாகவே லினமாரின் என்ற பொருள் உண்டு. கிழங்கை அரியும்போது அது சிதைந்து, சயனைடு நஞ்சு வெளிப்படுகிறது. இந்த நஞ்சின் பெரும்பகுதி வெயிலில் காயும்போதும், அவித்த நீரை வடிக்கும்போதும் நீங்கிவிடும். பழைய பெண்கள் புத்தகம் படித்தா இதை அறிந்தார்கள்!

ஆனால், பூசணம் தரும் நஞ்சு வேறு. ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம் ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் வளர்ந்து அப்ளாடாக்சினை உண்டாக்குகிறது. இங்கிலாந்தில் 1960-ஆம் ஆண்டு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கில் அது இருந்தது. கிழங்கைவிட நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலுமே இந்நஞ்சு அதிகம் என்பது உண்மை. எல்லாப் பூசணமும் இதை உண்டாக்குவதும் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்து எப்படிப் பிரித்தறிவது? இது நீரில் எளிதில் கரையாது; அடுப்புச் சூட்டில் அழியாது. பூசணத்தைத் துடைத்தாலும் நஞ்சு உள்ளே தங்கும். சிறிது சிறிதாக உண்டு வந்தால் ஈரலில் புற்றுநோய் உண்டாகலாம்.

இதைச் சொன்னதும் பாட்டியின் முகம் வாடிவிட்டது. 1942-இல் பர்மா அரிசி வருவது நின்றபோது, அவர்களுடைய தாயார் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தவராம். அதைக் கொட்ட எப்படி மனம் வரும்? "மாட்டுக்காவது போடலாமே" என்றார்கள். தீவனத்தில் உள்ள அப்ளாடாக்சின் சிறிது உருமாறிப் பாலிலும் இறங்கும் என்று சொன்னோம். தொழுவத்தையே பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, பிறகு தாமே மண்வெட்டியை எடுத்துவந்தார்கள். தென்னை மூட்டில் குழி தோண்டிச் சாக்கோடு புதைத்தோம்.

இவ்வாண்டு வில்லைகளை மெல்லியதாக அரிந்தோம். ஈரம் நூற்றுக்குப் 13 பங்குக்குக் கீழே இறங்கவேண்டுமாம். அளக்கக் கருவி ஏது? பாட்டி ஒன்றை ஒடித்துப் பார்த்தார்கள். வளையாமல் 'படக்'கென்று ஒடிந்தது. மூடியிட்ட தகரடப்பாவில் அடைத்து, தரையில் படாமல் பலகைமேல் வைத்திருக்கிறோம். ஓட்டையும் மாற்றியாயிற்று.