வீடு கட்டும்போது நேரும் பிழைகள்: வணிகர் கவனத்திற்கு

நம் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைதான் வீடு கட்டுகிறோம். கடை லாபத்தில் மிச்சம் பிடித்து, சீட்டு எடுத்து, வங்கிக் கடனும் சேர்த்துப் போடும் முதல் அது. ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கினால் கையில் அள்ளிப் பார்த்து, எடை போட்ட பிறகே இறக்குகிற நாம், முப்பது நாற்பது லட்ச ரூபாய் வேலையை ஒப்பந்தக்காரர் கையில் விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிறவருக்கு வேறு வழியில்லை என்பதும் உண்மைதான். ஆகவே, தினமும் போக முடியாதவர் எந்தெந்த நாளில் கட்டாயம் போகவேண்டும், பிழை கண்டால் யாரிடம் எப்படிச் சொல்லவேண்டும், பணத்தை எப்படிக் கொடுக்கவேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. பிழைகள் எல்லாம் ஒரே தரம் அல்ல. பூச்சில் மேடுபள்ளம், ஜன்னல் ஓர் அங்குலம் தள்ளி நிற்பது, சுவிட்ச் பெட்டி கதவுக்குப் பின்னால் போய்விட்டது போன்றவை கண்ணுக்குத் தெரியும். எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், அல்லது கூலியில் கழித்துக்கொண்டு விட்டுவிடலாம். ஆனால் காங்கிரீட்டுக்குள் மூடிப்போகும் பிழை அப்படியல்ல. மூடும் முன் ஒரு மணி நேர வேலையில் சரியாவதை, மூடிய பின் சரிசெய்ய இடிக்கவேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறார்கள். டைல்ஸ் நிறத்துக்கு மூன்று நாள் சண்டை போடுகிறவர், கம்பி கட்டி முடித்த அன்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும் நாளில் கட்டாயம் இருக்கவேண்டும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறி வைத்தால் குறுக்களவு சரியாக 5 அடி வரவேண்டும். அறையின் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கவேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், நாடா போதும். இங்கே அரை அடி கோணினால் கடைசியில் தரைக்கல் பதிக்கும்போதுதான் தெரியும். அண்டை வீட்டார் எல்லையில் ஏறிவிட்டால் அதற்குமுன்பே தெரிந்துவிடும், வக்கீல் நோட்டீசாக.

கம்பி வந்து இறங்கும்போது நம் தொழில் புத்தி உதவும். 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் 0.888 கிலோ; 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.65 கிலோ. 8 மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்கு 0.395 கிலோ. அரைக் கிலோ முன்பின் இருக்கலாம். 12 மில்லிமீட்டர் முழுக் கம்பி ஒன்பதரைக் கிலோதான் நிற்கிறது என்றால், பில்லில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கைத் திருப்பவேண்டியதுதான்.

காங்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலை, கடையைப் பையனிடம் விட்டுவிட்டாவது போய்ப் பாருங்கள். படத்தில் உள்ள கம்பிகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் எண்ணிச் சரிபார்க்கலாம். மூட்டை எண்ணுகிறவர்களுக்கு இது பெரிய காரியமல்ல. கம்பி பலகையில் படாமல் இருக்கக் கவர் கட்டைகள் வைத்திருக்கவேண்டும். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அடிமானத்துக்கு 50 என்பது பொதுவான அளவு. கல் துண்டையும் ஓட்டுச் சில்லையும் வைப்பது சரியல்ல. கவர் இல்லாத கம்பி துருப்பிடித்துப் பருத்து, சில ஆண்டுகளில் கூரைக் காரையைத் தள்ளிவிடும்.

பால்கனி, சன்ஷேடு போன்ற நீட்டுத் தளங்களை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். இவற்றில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும். கட்டும்போது மேலேதான் கட்டுவார்கள். காங்கிரீட் சட்டியோடு ஆட்கள் மிதித்து நடந்து அது கீழே இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. முட்டை எடுக்கும்போதோ, பின்னாளில் நாலு பேர் ஏறி நிற்கும்போதோ சரிந்து விழும். இது பண நஷ்டம் மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை. மேல்கம்பி இறங்காமல் தாங்குவதற்கு வளைகம்பி நாற்காலிகள் வைத்திருக்கிறார்களா, நடக்கப் பலகை போட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் காங்கிரீட்டுக்குச் சம்மதம் தரவேண்டும்.

அடுத்தது தண்ணீர். கலவை இளகலாக இருந்தால் வேலை சுலபம் என்பதால் ஆட்கள் வாளி வாளியாக ஊற்றுவார்கள். எம்20 காங்கிரீட்டுக்குச் சிமெண்ட் எடையில் 0.55 பங்குக்குமேல் தண்ணீர் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 விதிநூல். அதாவது 50 கிலோ மூட்டைக்கு 27½ லிட்டர், அதுவும் மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. அளவு வாளி ஒன்று வைத்து, அதன்படி ஊற்றச் சொல்லுங்கள்.

தூணின் பலகை பிரிக்கும் நாளைத்தான் நாம் எல்லோரும் தவறவிடுகிறோம். பலகை பிரித்ததும் ஆங்காங்கே ஜல்லி தெரிந்து தேன்கூடு போல ஓட்டை இருந்தால், நாம் வருமுன் கொத்தனார் சிமெண்ட் பால் தடவி மூடிவிடுவார். நாம் போகும்போது தூண் பளபளவென்று இருக்கும். ஆகவே, “நான் பார்க்காமல் எதையும் பூசக்கூடாது” என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மேலோட்டமான ஓட்டை என்றால் உதிர்வதைக் கொத்திக் கழுவி, பொறியாளர் சொல்லும் கலவையால் அடைக்கலாம். கம்பியே தெரிகிறது, தட்டினால் பொத்தென்று கேட்கிறது என்றால் மேல்வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரை வரவழைக்கவேண்டும். தூண் கோட்டைவிட்டு நகர்ந்துவிட்டால், கம்பியை வெடுக்கென்று வளைத்து உள்ளே கொண்டுவருகிற பழக்கமும் சிலரிடம் உண்டு. அதற்கு மேஸ்திரியின் சொல்லை ஏற்கக்கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தரவேண்டும்.

தளத்தின் முட்டை அவசரப்பட்டுப் பிரிப்பதும் உண்டு. வாடகைத் தகடு அடுத்த சைட்டுக்குப் போகவேண்டும் என்பதே காரணம். சாதாரண சிமெண்ட் என்றால், நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்குமேல் 14 நாள். ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள் முட்டு இருக்கவேண்டும் என்பது விதி. இப்போது நாம் அதிகம் வாங்கும் பி.பி.சி. சிமெண்ட் மெதுவாக இறுகுவது. இன்னும் சில நாள் விடச் சொல்லுங்கள். பி.பி.சி. காங்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவதும் பத்து நாளுக்குக் குறையக்கூடாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் வேலையை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது.

சரி, பிழை கண்டுவிட்டோம். என்ன செய்வது? ஆட்கள் முன்னிலையில் கத்துவதால் பயனில்லை. மறுநாள் பாதிப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள், நஷ்டம் நமக்கு. கொத்தனாரிடம் நேரடியாக “இதை இப்படி மாற்று” என்றும் சொல்லக்கூடாது. பிற்பாடு ஒப்பந்தக்காரர், “முதலாளி சொன்னபடி செய்தோம்” என்று கைகழுவிவிடுவார். சைட்டில் ஒரு கார்பன் நோட்டு வைத்து, தேதி, இடம், குறை, எந்தத் தேதிக்குள் சரிசெய்யவேண்டும் என்று எழுதி ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுத்து, அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள். நாம் சரக்குக் குறைவுக்குச் சிட்டை எழுதுகிறோமே, அதே முறைதான்.

யார் செலவு என்பதில்தான் சண்டை வரும். கூலி ஒப்பந்தத்தில் பொருள் நம்முடையது. கோணிய சுவரை இடித்துத் திரும்பக் கட்ட அவர் கூலி கேட்கமாட்டார், ஆனால் உடைந்த செங்கலும் சிமெண்டும் நம் கணக்கில் ஏறும். தவறான சரக்கை அனுப்பிவிட்டால் லாரி வாடகையை நாம்தானே ஏற்கிறோம்? அதுபோல, “பிழையால் வீணாகும் பொருளும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு” என்ற ஒரு வரி ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

பணம் கொடுப்பதில் நம்மவர் தாராளம். “வாரக் கூலி கொடுக்கணும் அண்ணாச்சி” என்றதும் கல்லாவைத் திறந்துவிடுகிறோம். அந்தப் பணம் அவருடைய இன்னொரு சைட்டுக்குப் போகும். வேலை முடிந்த அளவுக்குமேல் பணம் போயிருந்தால், பிழையைத் திருத்து என்று சொல்ல நமக்குப் பிடி இருக்காது. அஸ்திவாரம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக, அந்தந்த வேலையைப் பார்த்தபின் கொடுப்பதே முறை. மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டையாவது ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை நிறுத்திவைக்கும்படி பேசிக்கொள்ளுங்கள். மொட்டை மாடி ஒழுகுகிறதா என்பதை மழைதான் சொல்லும். குளியலறைத் தரைக்கு மழை வேண்டாம்: டைல்ஸ் பதிக்குமுன் குழாய் வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திக் கீழே கசிகிறதா என்று பார்த்துவிடலாம்.

பேச்சுவார்த்தையில் தீராதபோது சட்டம் இருக்கிறது. வீடு கட்டும் பணியில் நேரும் குறைபாடு நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் தீர்ப்பளித்தது. இப்போதுள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வீடு கட்டுதல் சேவையில் அடங்கும். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்யவேண்டும். ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாண்டுப் பொறுப்பு, அதன்கீழ் வரும் அடுக்குமாடித் திட்டங்களில் வாங்குவோருக்கானது. நம் சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டுவதற்கு அது பொருந்தாது. ஒப்பந்தத்தில் நாமே எழுதிக்கொண்டால்தான் உண்டு.

கீழே கடை, மேலே வீடு என்று கட்டுகிறவர்கள் இரண்டுக்கும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு, பணத்தையும் வங்கி வழியே தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால், “இது வணிக நோக்கக் கட்டடம், இவர் நுகர்வோரே அல்ல” என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. இதில் முன்கூட்டியே ஒரு வழக்குரைஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பி, குழாய், மின்கம்பி போன இடங்களைச் சுவர் மூடுமுன் எடுத்த படங்களையும் அந்தக் கார்பன் நோட்டையும் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.