நெய்வேலி: தண்ணீர் தேடிய இடத்தில் கரி

சென்ற மாதம் தமிழ் வகுப்பில் ஒரு மாணவி, "நம்ம பாலக்காடு, இடுக்கிப் பக்கம் நிலக்கரிச் சுரங்கம் இருக்கா சார்?" என்று கேட்டாள். இல்லை, ஆனால் கேரளத்துக்கு வரும் மின்சாரத்தில் நெய்வேலிக்கும் ஒரு பங்கு உண்டு என்றேன். அன்றைய பாடம் அதுவாகிவிட்டது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956இல் அரசு நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில்தான்!

மேலே கிடந்த கெட்டி மண்ணை அகற்றுவதே பெரும்பாடு. அதைவிடப் பெரிய சிக்கல், கரிப் படுகைக்கு அடியில் மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீர். இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் புகுந்துவிடும். சுற்றுக் கிராமத்து உழவர்களோ, தங்கள் கிணறுகள் வற்றியதற்கு இந்த இறைப்பே காரணம் என்கிறார்கள்.

நிலம் கொடுத்த குடும்பத்தினர் பலர் நிரந்தர வேலை கேட்டுப் போராடியிருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் பலமுறை வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக, விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டதுதான். ஆனாலும் அறுவடை முடியும்வரை பொறுத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.