காந்தம் ஒட்டவில்லையா? உடனே சந்தோஷப்படாதீர்கள்

பழைய இத்தாலியக் கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். "லான்சியா ஃபுல்வியா ஸ்போர்ட் ஸகாட்டோ ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, எஞ்சின் சத்தம் அபாரம்" என்று அண்மையில்கூட ஒருவர் போன் செய்தார். எஞ்சின் சத்தத்துக்கு மயங்கி இந்த வண்டியை வாங்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

மிலானில் மாதச் சம்பளம் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஃபெராரி கனவில்தான். கையால் செய்த இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும், வீட்டையும் விற்கக் கூடாது என்றால் இந்த ஸகாட்டோ பக்கம்தான் வர வேண்டும். 1965 டுரின் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. வடிவமைத்தவர் எர்கோலே ஸ்பாடா. ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 ஜிடி ஸகாட்டோவுக்கு உருவம் கொடுத்த அதே கை. அடித்தளம், எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் லான்சியா கொடுக்க, மேல் உடலைக் கட்டியவர்கள் ஸகாட்டோ பட்டறைக்காரர்கள். ஆரம்பகால வண்டிகளில் பானெட் முன்னாலோ பின்னாலோ தூக்காது, பக்கவாட்டில் திறக்கும். பின்கதவைக் காற்றுக்காகக் கொஞ்சம் தூக்கிவிட மின்சார மோட்டார் உண்டு. இதை விட்டுவிட்டு ஆல்ஃபா வாங்கியிருக்கலாமே என்று இன்றும் கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆல்ஃபா பார்க்கிங்கில் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

மொத்தம் ஏழாயிரம் சொச்சம் செய்தார்கள். அதில் ஆரம்பத்தில் வந்த சுமார் 900 வண்டிகளுக்குத்தான் உடல் முழுக்க அலுமினியம். பிறகு இரும்பு உடல், அலுமினியக் கதவு, அலுமினியப் பானெட் என்று மாறி, 1970-க்குப் பிறகு எல்லாமே இரும்பாகிவிட்டது. அதனால் விற்பவர் வாயில் முதலில் வரும் சொல் 'அலுமினியம்'. விலை ஏறுவதும் அந்தச் சொல்லில்தான். என் பணம் போனதும் அதில்தான்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. கட்டணம் கொடுத்து ஒரு நிபுணரைக் கூட்டிப் போனேன். அந்தப் பகுதியில் பெரிய பெயர். வந்தவர் எஞ்சினைச் சுற்றியே வலம் வந்தார். குறுகிய கோண வி4 எஞ்சின், இரட்டை சோலெக்ஸ் கார்புரேட்டர், கம்ப்ரஷன் எல்லாம் பார்த்து, "பிரமாதம்" என்றார். உண்மைதான், எஞ்சின் இன்றுவரை பிரமாதம். பிறகு பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். கதவில் வைத்தார், ஒட்டவில்லை. "அலுமினியம், அசல்." கூரையில் வைத்தார். "அசல்." குனிந்து, ஜாக்கி கொடுக்கும் இடத்தில் வைத்தார். அங்கேயும் ஒட்டவில்லை. அதற்கும் "அசல்" என்றார்.

அந்த இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும்! மேலே அலுமினியம் இருக்கலாம்; கீழே அடித்தளம் லான்சியாவின் இரும்பு. அங்கே காந்தம் பிடிக்கவில்லை என்றால், இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் வேறென்னவோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வண்டியை வாங்கிய பிறகு, லிஃப்டில் ஏற்றிய டிங்கர் பெரியவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினார். அது உள்ளே போய்விட்டது. துருவுக்கு மேல் பட்டி, பட்டிக்கு மேல் கறுப்புத் தார்ப்பூச்சு. ஊரில் காயலான் கடைக்காரர்கூட இதைக் கண்டுபிடித்திருப்பார்.

இரும்பு உடலென்றால் அறுத்து, புதுத் தகடு வைத்து வெல்டு செய்துவிடலாம். இங்கே கீழே வெல்டு செய்ய வேண்டுமானால் மேலே உள்ள அலுமினியத்தைக் கழற்ற வேண்டும். ஓரங்களில் மடித்திருப்பதை விரித்தால் பழைய தகடு வெடிக்கும். சூடு பட்டால் நெளியும். போதாததற்கு, அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். வெள்ளைப் பொடியாக உதிரும். ஒரு மூலையைச் சரிசெய்யப் போய் வண்டியின் பாதியைப் பிரித்தோம். நிபுணரிடம் கேட்டபோது, "ஐம்பது வருஷ வண்டியில் இதெல்லாம் சகஜம்" என்றார். கட்டணத்தில் ஒரு யூரோ திருப்பித் தரவில்லை. சகஜம் என்று சொல்ல எதற்கய்யா நிபுணர்?

ஆகவே, காந்தத்தை வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு, பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி ஒன்று வாங்குங்கள். அதிலும் இரும்பில் மட்டும் வேலை செய்யும் மலிவு ரகம் வேண்டாம். இரும்பு, அலுமினியம் இரண்டிலும் அளப்பதைக் கேட்டு வாங்குங்கள். அது காட்டும் எண் 1000 மைக்ரானைத் தாண்டினால், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால், கீழே பட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் விலை பேசவே பேசாதீர்கள். ஏற்றியதும் முன் சப்ஃப்ரேம் பிடித்திருக்கும் இடங்களைப் பாருங்கள். ஃபுல்வியாவில் துரு முதலில் குடியேறும் இடம் அதுதான். கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்திருந்தால் அங்கே பட்டாணி அளவு தெரிவது உள்ளே கையளவு இருக்கும்.

காகித வேலை எளிது. பி.ஆர்.ஏ. என்ற மோட்டார் வாகனப் பதிவேட்டிலிருந்து உரிமையாளர் வரலாற்றை எடுங்கள். மனை வாங்குமுன் வில்லங்கச் சான்று போடுவதுபோலத்தான். பழைய வண்டிகளுக்கான ஏ.எஸ்.ஐ. சங்கத்தின் சான்றிதழ் இருந்தால் நல்லது. சேஸிஸ் எண் 818 என்று தொடங்குகிறதா பாருங்கள். இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றமெல்லாம் உங்கள் ஏஜென்சிக்காரர் பார்த்துக்கொள்வார். வண்டியை உங்கள் மூடிய கேரேஜில் விடுங்கள். மழையில் நிறுத்தினால் நான் பொறுப்பில்லை.

"அந்தக் காசுக்கு ஊரில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாம்" என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். மனையில் ஏறி உட்கார்ந்து கோமோ ஏரிக் கரையைச் சுற்ற முடியாது அண்ணே. வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. நிபுணரின் கவனக்குறைவுக்கு நான் பணம் கட்டியதில்தான் வருத்தம்.

ஸகாட்டோவின் எஞ்சினும் கியர்பாக்ஸும் சாதாரண ஃபுல்வியா கூப்பேயிலும் உள்ளவைதான். உதிரிபாகம் தேடினால் கிடைக்கும். ஸகாட்டோ கையால் தட்டிய உடலுக்கு உதிரிபாகம் கிடையாது; உங்கள் வண்டியின் கதவு பக்கத்து வண்டிக்கே சரியாகப் பொருந்தாது. ஆகவே எஞ்சின் செத்த ஸகாட்டோவை விலை குறைத்து தைரியமாக வாங்குங்கள். எஞ்சின் பாடுகிறது, அடித்தளத்தைக் காட்ட மாட்டேன் என்கிறார்களா? அடுத்த வண்டியைப் பாருங்கள்.